மாவுக்கட்டு மலை

கருங்கல் ஒன்றுகூட மாடி ஏறக் கூடாது.
ஏகாம்பரம் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.
வாடகை ஆறாயிரம். ஒப்பந்தம் பதினோரு மாதம்.
"டியூசன் சென்டர் இருந்த இடம்மா. தளம் வீக்கு.
பாத்து நடந்துக்கோங்க."

சத்துவாச்சாரியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும்
பாறைதான் எட்டிப் பார்க்கும்.
மலை இலவசம், நிழல்தான் கிடையாது.
கத்திரி வெயிலில் அங்கே வண்டியை விட்டால்
பத்தாவது நிமிடம் மோட்டாருக்கு மூச்சு முட்டும்,
ரிமோட் பிடித்த ஆளுக்கு அதற்கும் முன்பே.
ஆகவே எதிரே ஒரு மலையை வைத்துக்கொண்டு
மின்விசிறிக்குக் கீழே இன்னொன்று கட்டினோம்,
உள்ளே ஒன்றுமில்லாத மலை.

சம்பங்கி தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்து அடுக்கினான்,
மேலே கோழிவலையை இழுத்து வளைத்தான்.
மேல்விஷாரத்திலிருந்து நவ்ஷாத்,
செருப்புக்கு வெட்டி மிஞ்சிய ஃபோம் இரண்டு மூட்டை,
பைக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
நடுவில் அவன் இருப்பதே தெரியாமல் வந்தான்.
வலைக்கு மேலே தோல் போர்த்துவது
என் பங்கு.

பகலில் எனக்கு ஆஸ்பத்திரியிலும் அதே வேலை.
நனை, பிழி, சுற்று, தடவு.
விரலால் அழுத்தாதே, குழி விழும்;
உள்ளங்கையால் மட்டும்.
பதினாலு வருடம் கழித்து
பாறை செய் என்றால் கை கேட்குமா?
மூன்றாம் கேட்டை ஒட்டிய பாறை
முழங்காலாக வந்து நின்றது.
இடப்பக்கச் சரிவு, யாரோ ஒருவரின் தோள்.
"இன்னாக்கா, மலைக்கு முட்டி வச்சிகீற?"
இருக்கட்டும், ஏறிப் பாரேன் என்றேன்.

சாம்பல் பெயின்ட் காயுமுன் மணல் தூவினோம்.
ஒரு முறம் பாலாறு.
எங்கே கிடைத்தது என்று நவ்ஷாத்தைக் கேட்கவில்லை.
மரம் வைக்கலாமா என்றான்.
இந்த ஊர் மலையில் ஏது மரம்
என்று விட்டுவிட்டோம்.

இரண்டு குச்சி, நடுவில் ஒன்றரைச் சாண். அது ஒரு கேட்.
குச்சியைத் தொட்டால் பத்து.
பின்வாங்கினால் ஒன்று.
வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை,
வேகமாய்ப் போகிறவனுக்கு மல்லாந்து கிடக்கும் வண்டிதான்.
சம்பங்கி பஞ்சர் கடைக்காரன்.
லாரிச் சக்கரத்துக்கு ஒட்டும் ஈயத்தைத் துண்டு போட்டு
குட்டிச் சக்கரத்துக்குள் பதித்து வைத்திருந்தான்.
பாரம் கீழே இருக்கணும், மனசு மேல இருக்கணும்
என்று ஏதோ சொல்வான், முழுதாகக் காதில் விழாது.

இருபத்துநாலு மணி நேரம் கால் ஊன்றாதீர்கள்,
தொட்டால் கெட்டி, உள்ளே ஈரம்.
எல்லோரிடமும் சொல்வேன்.
ஒருவரும் கேட்பதில்லை.
சம்பங்கியும் கேட்கவில்லை.
வெள்ளி ராத்திரியே ஓட்டினான்.
முழங்காலின் உச்சியில் முன்சக்கரம் கவ்வியது,
ஒரு கணம் நின்றது,
பிறகு வண்டியையே காணோம்.
மலைக்குள்ளிருந்து
நாலு சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன்.
தோள்வரை கைவிட்டு வண்டியை எடுத்தேன்.
வாளியில் தண்ணீர், நான்கு சுற்று,
உள்ளங்கையால் ஒரு தடவல்.
இந்த முறை ஞாயிறுவரை காத்திருந்தார்கள்.

காய்ந்ததும் பழக்கதோஷத்தில் மார்க்கரை எடுத்து
கட்டின்மேல் எழுதினேன்:
கட்டிய தேதி.
அடுத்த வரி, பிரிக்கும் தேதி.
அங்கே கை நின்றுவிட்டது.
"அக்ரிமென்ட் எப்ப முடியுது?" என்றான் நவ்ஷாத்.
மார்ச் முப்பத்தொன்று.
எழுதினேன்.

சத்தம் கேட்டு ஏகாம்பரம் மேலே வந்தார்.
பழைய டியூசன் பெஞ்சில் உட்கார்ந்தார்.
"இவ்ளோ மெதுவாவா போவும்?"
பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.
நாலு நிமிடம் பிடித்தது முழங்கால் ஏற.
மை காயவில்லை போல,
மார்ச்சின்மேல் ஒரு டயர் தடம்.

பின்வாங்கல் இரண்டு. குச்சி தொடவில்லை.
குறித்துக்கொண்டேன்.