கேட்டேன்

காலை ஒன்பதுக்கே மழை.
கென்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி
ஆர்டென் காட்டோரப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்திருந்தோம்.
நான்கு டிக்கெட், கார் நிறுத்தக் கட்டணம்,
பை வைக்கும் பெட்டிக்கு ஒரு யூரோ.
அது காசை விழுங்கிவிட்டுப்
பூட்டிக்கொள்ள மறுத்தது.

ஈஸ்டருக்கு இறைச்சியை நிறுத்தியிருந்தாள் ஃபியென்.
ஜூனில் பாலையும் முட்டையையும்.
பன்னிரண்டு வயது. யாரும் சொல்லித் தரவில்லை.
ஒருநாள் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்,
கோபமில்லாமல்,
முடித்த வீட்டுப்பாடத்தைத் தள்ளி வைப்பதுபோல.

கத்லேன் இரவே கட்டிவைத்த ரொட்டியும்
கொண்டைக்கடலைப் பசையும்
சமையல்மேடையிலேயே தங்கிவிட்டன.
மறந்தது நான்.

மதியம் கடைகடையாய் நடந்தோம்.
வாஃபிளில் முட்டை, சூப்பில் கோழி எலும்பு.
சாலட் என்று எழுதியதில் பன்றித் துணுக்குகள்;
'பொறுக்கி எடுத்துடலாமே' என்றாள் கடைக்காரி,
அன்பாகத்தான்.
நீர்நாய் வேடத்தில் ஒருவன் வந்து
செப்பேயின் தலையைத் தடவிப் போனான்,
வேடத்துக்குள்ளிருந்து வறுத்த வெங்காய வாசம்.
மிச்சமிருந்தது உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றுதான்.
அதன் வரிசை
பெரிய ராட்டினத்தின் வரிசையைவிட நீளம்.

'எதுல பொரிக்கிறாங்கன்னு கேளுப்பா,
எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது.'

நாற்பது நிமிடம் நின்று
கேட்டேன்.
முகப்பருப் பையன், தொப்பியில் பிளாஸ்டிக் கொம்புகள்,
பொய் பழகாத வயது:
'மாட்டுக் கொழுப்பு மிஸ்யே, எப்பவும் அதுதான்.
இந்த ருசி வேற எப்படி வரும்?'
எனக்குப் பின்னால் அறுபது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.
நான்கு காகிதக் கூம்புகள்
கைக்கு வந்தே விட்டன.

கடையிலிருந்து மேசைக்கு முப்பது எட்டு.
ஒரு மனிதன் தன்னோடு தானே வாதாடித் தோற்க
அது தாராளம்.
மாடு எப்போதோ செத்துவிட்டது என்றது ஒரு குரல்.
பிள்ளை காலையிலிருந்து ஓர் ஆப்பிள்தான் என்றது இன்னொன்று.
பசி வந்தால் பத்தும் பறக்குமாம்.
பசி அவளுக்கு,
பறந்தது எனக்கு.

'கேட்டியாப்பா?'
'கேட்டேன்.'

பொய்யில்லை.
வினவியதற்கும் அதே சொல்,
காதில் விழுந்ததற்கும் அதே சொல்.
இரண்டையும் செய்தவன்தானே.
கொம்பில் ஒரு சுழி குறைந்திருந்தால்
கெட்டேன் என்று ஆகியிருக்கும்,
அதுவும் பொய்யில்லை.

தக்காளிச் சாஸில் தோய்த்து ஒன்று.
இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு.
மூன்றாவதை முடித்து
'இதை எழுதி வெச்சுக்கணும், இந்தக் கடை பேரை' என்றாள்.
நான்காவதுக்குப் போன கையிலிருந்து
கூம்பை வாங்கிக்கொண்டேன்.
ஏனென்று தெரியாது. துணிச்சல் இல்லை அது,
சூடான பாத்திரத்தைக் கை தானாய் விடுவதுபோல.
'மாட்டுக் கொழுப்பு' என்றேன்,
மேசையின் மழைத்துளிகளைப் பார்த்து.

செப்பே மெல்லுவதை நிறுத்தினான்.
கத்லேன் என் பக்கம் திரும்பவே இல்லை.
ஃபியென் அழவில்லை.
ஈரப் பலகையில் விரல்களைத் துடைத்தாள்.
'மூணு' என்றாள்.
அவ்வளவுதான்.

தண்ணீர்ச் சறுக்கலில் எடுத்த படத்தை
ஒன்பது யூரோ கொடுத்து வாங்கினேன்.
மூன்று பேர் அலறுகிறோம்.
அவள் வாய் மட்டும் இறுக மூடியிருக்கிறது.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையம்.
வாழைப்பழமும் உப்பு வேர்க்கடலையும்.
பொட்டலத்தின் பின்பக்கத்தை விளக்கடியில் நின்று
கடைசி எழுத்துவரை படித்தாள்.
பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள்,
எனக்கும்.

நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு
பின்னிருக்கையிலிருந்து ஒரே வாக்கியம்.
கத்லேன் சொல்லிக்கொடுக்க, பிரெஞ்சில்:
எதில் பொரிக்கிறீர்கள்?
எதில் பொரிக்கிறீர்கள்?
தொண்டையில் உருளும் அந்த 'ர' சரியாக வரும்வரை,
நமூர் கடந்து, பிரஸ்ஸல்ஸ் கடந்து.

கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.