மூழ்கிய வண்டிக்குத் தவணை

பனிவண்டி ஏரிக்கு அடியில் கிடக்கிறது.
நான்கு மார்ச் மாதங்களுக்கு முன்
ரஸ்ஸல் அதை இளகிய பனிக்கட்டிமேல் ஓட்டினான்.
அவன் கரையேறினான்.
வண்டி ஏறவில்லை.
கடன் ஏறியது.

பத்திரத்தில் இரண்டு கையெழுத்து.
ஒருவன் அரிசோனாவில் வெயில் காய்கிறான்.
இன்னொருத்தி டுலூத்தில்
விடியுமுன் கண்ணாடியில் உறைபனி சுரண்டி
பதினேழாம் எண் பள்ளிப் பேருந்தைக் கிளப்புகிறாள்.
மீன்கள் ஏறி அமரும் வண்டிக்கு
மாதம் தவறாமல் அவள்தான் கட்டினாள்,
அதாவது நான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
மூழ்காதவர்கள் சொன்னது அது.
உள்ளே இருப்பவளுக்கு
ஒரு விரற்கடைகூடக் கணக்கு.
போன ஜனவரியில்
ஏழாயிரத்து நாற்பது டாலர் ஆழம்:
வண்டி, கடைவாய்ப் பல்,
பிறகு அந்த அட்டை.
அட்டையில் வட்டி குட்டி போட்டது,
குட்டிக்கும் பசித்தது.

சனிக்கிழமைகளில் ஹாக்கி அரங்கில்
கண்ணாடித் தடுப்பைத் துடைக்கப் போனேன்.
பயல்கள் மோதி மோதி விட்டுச்சென்ற
மூக்குத் தடங்கள், எச்சில்.
இரவில் பார்லிக் கஞ்சி.
மறுநாளும் அதே பார்லி.
கோட்டின் முழங்கைக்கு வெள்ளி நிற டேப்.
"அது ரோபோ கையா?" என்றான்
மூன்றாம் நிறுத்தத்தில் ஏறும் எமெட்.
ஆமாம் என்றேன்.
வருடம் முழுக்க இடது கையால்தான்
எனக்கு வணக்கம் வைத்தான்.

எல்லாம் பெருமைப்பட அல்ல.
ஜனெல் மகளின் கல்யாணம் ஃபார்கோவில்.
பெட்ரோல், பரிசு, ஒரு இரவு அறை
என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.
அவள் கூரியரில் சூப் அனுப்பினாள்.
குடித்தேன். நன்றாக இருந்தது.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
ஒவ்வொரு வெள்ளியும் எண்களை அடித்தேனே,
அந்தச் சூப்பை
எந்த வரியில் எழுதுவது என்று
இன்றுவரை தெரியவில்லை.

அக்டோபரில் முடிந்தது.
சன்னலுக்குப் பின்னிருந்த பெண்
"வேறு ஏதாவது வேண்டுமா?" என்றாள்.
மேளம் ஒன்றும் கொட்டவில்லை.
வெளியே வந்து ஒரு பேரிக்காய் வாங்கி
வண்டி நிறுத்துமிடத்திலேயே தின்றேன்,
விதை வரைக்கும்.

அடுத்த வெள்ளி பழக்கதோஷத்தில்
அதே பணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.
கொடுக்க ஆளில்லை.
என் பேரிலேயே போட்டேன்.

கடைசி நிறுத்தம் தாண்டியதும்
பின்சீட்டு வரை நடந்து
எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போயிருக்கிறதா என்று
பார்ப்பது எங்கள் வேலையில் விதி.
படுக்குமுன் அப்படித்தான்
கணக்கைத் திறந்து பார்க்கிறேன்.
இருக்கிறது.
அறுநூற்று எழுபது.
விளக்கை அணைக்கிறேன், எழுப்பாமல்.

டிசம்பரில் ஹீட்டர் நின்றது.
பழுது பார்த்தவர் முந்நூற்று எண்பது என்றார்.
கொடுத்தேன்.
அவ்வளவுதான்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது;
சொல்ல எடுத்தால்
கதையில் எதுவுமே நடக்கவில்லை.

தெரியாத எண் என்றால்
தலையணைக்கு அடியில் போனைத் திணிப்பேன்,
மூன்று வருடமாக.
அதன் நடுக்கம் மெத்தை வழியே
காதுக்கு வந்துவிடும்.
நேற்றிரவு அடித்தது.
கை தானாகப் போய் எடுத்தது.

லொரேன் இருக்கிறாளா என்றது
ஒரு கிழட்டுக் குரல்.
தவறான எண் என்றேன்.
மன்னிப்புக் கேட்டார்,
ஆனால் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
"அங்கே பனி பெய்கிறதா?" என்றார்.
இருங்கள் என்று சொல்லிவிட்டு
எழுந்து போய்த் திரையை விலக்கினேன்,
பார்த்துவிட்டே சொல்லலாம் என்று.