முப்பத்திரண்டாவது வரி

திங்களன்று குத்தியதை
வியாழனன்று படிக்க வேண்டும்.
இடைப்பட்ட எழுபத்திரண்டு மணி நேரத்தில்
கை தன் விடையை எழுதி முடித்திருக்கும்.

நாரின் மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடம்.
உறையாது என்று சொல்லிக் கொடுத்த பேனா
முதல் நாளே உறைந்துவிட்டது.
பென்சிலும் கண்ணாடி போன்ற அளவுகோலும்தான்
இப்போது என் ஆயுதங்கள்.

மூன்றாம் வகுப்பு எர்நூர்
ஊசி பட்ட இடத்தைச் சுற்றி
இமைமயிரோடு ஒரு கண் வரைந்திருந்தான்.
"உங்களையே பார்க்குது" என்றான்.
விரலால் தடவினேன். தட்டை.
தூங்கச் சொல் அதை, என்றேன்.

சிவப்பை அளக்கக் கூடாது.
சிவப்பு வெறும் கோபம், வந்து போகும்.
தடிப்பைத்தான் அளக்க வேண்டும்.
யாரையோ முன்பே சந்தித்திருப்பதை
உடம்பு
தடித்துச் சொல்லும்.

இருநூற்றுப் பன்னிரண்டு கைகள்.
ஏழில் தடிப்பு.
ஏழும் வேறு வேறு வகுப்பு,
வேறு வேறு வீடு.
ஆசிரியர், சமையற்காரி, காவலாளி என
பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேரும்
படம் பிடிக்கும் வண்டியில் ஏறி இறங்கியாயிற்று.
வடிவியல் ஆசிரியர் தாலாயின்
பழைய விலா முறிவு ஒன்றைத் தவிர
யாரிடமும் ஒன்றுமில்லை.

பெகாயிமை உட்காரவைத்துப்
படிவத்தில் இருந்ததையெல்லாம் கேட்டேன்.
வீட்டில் யார் இருமுகிறார்கள்? யாருமில்லை.
யாரோடு தூங்குவாய்? அக்காவோடு.
வகுப்பில் எங்கே? ஜன்னலோரம்.
படிவம் தீர்ந்தது.
எழுந்தவள் காலுறையை இழுத்துவிட்டாள்.
குதிகாலில் கம்பளி கருகியிருந்தது.

பாலம் போன வசந்தத்தில் வெள்ளத்தோடு போயிற்று.
அக்கரைப் பிள்ளைகள் ஏழு பேர்
கல் தாண்டி, கல் வழுக்கி,
நனைந்த காலோடு வருகிறார்கள்.
மணி அடிக்கும்வரை
கொதிகலன் அறையில் காலுறை காய்கிறது.

கதவைத் தள்ளினேன்.
ஜன்னலில்லாத அறை. சுவரில் ஏழு ஆணி.
ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியில் ஒரு பெயர்.
மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு
ஷார்சென்பெக் எனக்கும் தேநீர் ஊற்றினார்.

உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே?
"நான் ஊழியன் இல்லையம்மா.
பெற்றோர்கள் நிலக்கரி வாங்கும்போது
என்னையும் சேர்த்து வாங்குகிறார்கள்."
இருமினார்.
"கரித்தூள்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.
எத்தனை நாளாக?
"குதிரையை விற்றதிலிருந்து."
குதிரையை எப்போது விற்றீர்கள்?
அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.
ஒரு கை போதவில்லை.

சளிக்கு மூடிபோட்ட குப்பியை நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கிண்ணம் ஒன்றுதான் இருக்கிறது,
பிள்ளைகளுக்கும் அதிலேதான்" என்றார்,
குரல் இறங்கி.
கிண்ணம் இல்லை ஐயா, காற்று, என்றேன்.
அதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று
எனக்கே தெரியவில்லை.

முப்பத்தொன்றுக்குக் கீழே
அச்சிட்ட கோடு கிடையாது.
அளவுகோலை வைத்து நானே ஒன்று இழுத்தேன்.
பெயர் எழுதினேன்.
பதவி என்ற கட்டத்தில்: வெப்பம்.
மறுநாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி.
எழுத்துப்பிழையா?
இல்லை.

அவரை நகரத்து மருத்துவமனைக்கு ஏற்றிய பிறகு
தாலாய் கரி அள்ளிப் போடுகிறார்,
பாதி உள்ளே, பாதி வெளியே.
நான் சொன்னபடி ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.
பிள்ளைகள் தொப்பியோடு பெருக்கல் சொல்கிறார்கள்.
தலைமையாசிரியை என்னோடு பேசுவதில்லை,

ஒரு புகார் சொல்ல மட்டும் கூப்பிட்டார்.
மாத்திரை தின்னும் ஏழு பேரில் மூவர் பையன்கள்.
சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது.
கண்ட இடத்திலெல்லாம், பனியின் மேல்,
தங்கள் பெயரை எழுதி வைக்கிறார்களாம்.
போய்ப் பார்த்தேன்.
கொதிகலன் அறைச் சுவரோரம்
அவர்களில் யாருடைய பெயரும் இல்லை.
நீளமான பெயர்.
'ஷார்' வரைதான்
எட்டியிருந்தது.