பதினோராவது கண்மாய்

விருது வாங்கிய ஆல்பத்தில் கீபோர்டு என்னுடையது.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
அட்டையில் என் பேர் இல்லை,
இரண்டாயிரத்து ஐநூறு கையில் கொடுத்தார்கள்.
அதே வருடம் நடுவராகவும் கூப்பிட்டார்கள்.
நாட்டார் இசை தெரிந்த ஆள் மதுரையில் யார் என்று
யாரோ கேட்க, யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.
உறுமியைக் கணினிக்குள் அடைத்து வைத்திருப்பவன் நான்.
ஒரு விசையை அழுத்தினால் போதும், உறுமும்.

டவுன்ஹால் ரோட்டு விடுதி, மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளி.
ஐந்து பேர். நாற்பத்தொரு பதிவு.
ஒன்றுக்கு மூன்று நிமிடம்,
பிரியாணி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

பாரம்பரிய இசை என்ற பிரிவில்
நான்கு வருடமாக ஒரே கம்பெனிதான் ஜெயிக்கிறது.
சென்னையில் கலந்து மும்பையில் மெருகேற்றி
அட்டையில் வைகையைப் போடுவார்கள், தண்ணீரோடு.
பாட்டு கிடையாது.
விண்ணப்பத்தில் 'மொழி' என்ற கட்டத்துக்குள்
ஒரு கோடு இழுத்திருக்கும்.
இசைக்கு மொழி ஏது என்பார் தலைவர் சுந்தரவரதன்.
அப்படியானால் அந்தக் கட்டம் எதற்கு என்றாள்
ரேடியோவில் இருந்த மெஹரூன்.
கடலுக்கு நடுவே ஏதோ தீவிலும் இதே வழக்காம்,
கிட்டாருக்கு மாலை விழுந்ததாம்,
தங்கள் பேச்சில் வாய்விட்டுப் பாடியவர்கள்
வாசலில் நின்றார்களாம்.
அந்தத் தீவுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்
என்று கேட்டார் தலைவர்.

இருபத்தேழாவது: ஒச்சம்மாள், எழுமலைப் பக்கம்.
ஜின்னிங் மில்லில் எடை போடுகிறவள்.
போனில் பதிந்தது. பின்னால் ஒரு டிராக்டர்
நின்றபடியே இரைகிறது.
எடுத்த எடுப்பில் கண்மாய்ப் பேர்.
கருக்கட்டான் கண்மாய்.
அது நிறைந்து மறுகால் விழுந்தால் புளியங்கண்மாய்.
அது நிறைந்தால் நொண்டிக்கருப்பு கண்மாய்.
ஒவ்வொரு பேருக்கும் ஒரு முழு மூச்சு,
மூச்சு முடிய ஒற்றைக் கைத்தட்டு.
பாட்டு எப்போ சார் ஆரம்பிக்கும் என்றார் ஒருவர்.
பொதுப்பணித்துறை டெண்டர் மாதிரி இருக்கே
என்று இன்னொருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.
அந்த இன்னொருவர் நான்தான்.
மணி அடித்தது.
மெஹரூன் ஒன்பது போட்டாள். நான் நான்கு.

கிடைக்காதவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலை
உள்ளூர்க்காரன் என்று என் தலையில் விழுந்தது.
மில் இரைச்சலுக்குள் ஒச்சம்மாள்,
கெடைக்கலையா, சரி என்றாள்.
அப்புறம் கேட்டாள்:
எத்தனாவது கம்மாயில நிப்பாட்டுனீக?

எனக்குத் தெரிந்திருந்தது.
பதினொண்ணு என்றேன்.

அட, எங்கூருக்குத் தண்ணியே வரலையே இன்னும்.
பதினாலாவதுலதான் வரும்.
வந்ததுக்கப்புறம்தான மடை ஒடஞ்சது,
அந்தப் பிள்ளைய அடைச்சு வச்சது, எல்லாமே.
எடைக்கல் இறங்கும் சத்தம்.
வைக்கிறேன் சார், லோடு நிக்குது.

இந்த வருடம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.
'வேர்களும் உலகமும்' என்று புதிதாக ஒன்று,
கவ்வாலி, பஜனை, படகுப்பாட்டு எல்லாம் ஒரே சாக்கில்.
மெஹரூன் இரண்டு பக்கம் கடிதம் எழுதி விலகிக்கொண்டாள்.
எனக்கு அழைப்பு வந்தது.
வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இருபத்தேழாவது பதிவு என் போனில்தான் இருக்கிறது.
பதினேழு நிமிடம் நாற்பது வினாடி.
ராத்திரி செல்லூர் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
பன்னிரண்டாவது கண்மாய் வரைக்கும் போயிருக்கிறேன்.
அந்த இடத்தில் யாரோ
டிராக்டரை அணைக்கிறார்கள்.