பதினேழாம் வரிசை

விசைத்தறிச் சத்தமும் செவித்திறனும்:
நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் இறக்கி வைத்தேன்.
பொங்கியண்ணன் சார் முதல் வரைவைப் புரட்டிவிட்டு,
"இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்.
இது மளிகைச் சிட்டைம்மா.
ஒருத்தரை ஒருத்தரோட பேச விடுங்க" என்றார்.

பேச விட்டேன்.
சோமனூரில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்
எட்டுத் தறி ஓடுகிறது.
பேசியதில் பாதி விழவில்லை.

ஒத்துப்போகிறவர்களுக்கு மஞ்சள் பூசினேன்,
மறுக்கிறவர்களுக்கு ஊதா.
ஊதா எட்டே பேர். பிடிவாதக்காரர்கள் என்று
ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.
மஞ்சளில் நாற்பத்தோரு பேர்:
"தார் சுற்றும் பெண்களுக்குப் பாதிப்பு குறைவு" என்று
ஒருவர் சொன்னதை ஒருவர் சொன்னதாக ஒருவர்.

மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதே என்பது விதி.
பார்த்தேன்.
இரண்டாயிரத்து நான்கு. மாதிரி அறுபது.
அட்டவணை மூன்று, பதினேழாம் வரிசை:
பெண், வயது முப்பத்தொன்று, சோமனூர்,
பக்கத்துக் குடோன்,
இரு செவியும் இயல்பு.

எனக்கு அப்போது ஐந்து வயது.
அம்மா தலையில் கறுப்பாக எதையோ மாட்டியிருந்தார்கள்.
வரும்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள்.

அடுத்த அறையில் டிவி
தெருவுக்கே செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.
"அன்னைக்கு டெஸ்ட்ல சத்தம் கேட்டுச்சாம்மா?"
மூன்று தடவை கத்தினேன்.
என் உதட்டைப் பார்த்துச் சொன்னாள்:
"ஒரு மண்ணும் கேக்கல கண்ணு.
அந்தப் பையன் பட்டனை அமுக்கறப்ப
தோள்பட்டை துளி அசையும்.
அசைஞ்சா வெரலத் தூக்கினேன்.
மொதலாளி வாசப்படியிலயே நிக்கறாரு,
கேக்கலைன்னு சொன்னா நாளைக்கு வேலைக்கு யாரு கூப்புடுவா?
சாந்தாமணி தான் மொதல்ல கண்டுபுடிச்சா.
அப்பறம் எல்லாருமே அப்படித்தான்."

எல்லாருமே.

சார் கேட்பார்: ஆதாரம்?
துளசிமணி, 2004, பக்கம்?
சொந்த அம்மாவை ஆய்வு ஏற்குமா?
அன்றிரவு மஞ்சளை எல்லாம் அழிக்கவில்லை.
ஓரத்தில் இருந்த பிடிவாதக்காரர்களை மட்டும் அடித்தேன்.
ஆய்வு இடைவெளி என்ற தலைப்பின் கீழ்
ஒரு வரி எழுதினேன்:

சோதனையின்போது வாசற்படியில் யார் நின்றார் என்பதை
எந்தக் கட்டுரையும் குறிப்பிடவில்லை.

பத்து மணிக்கு இரவு ஷிஃப்ட் ஏறியது.
மேசையில் டம்ளர் தண்ணீர்
வட்டம் வட்டமாக நடுங்கியது.
அம்மா அசையாமல் தூங்கினாள்.