பால் போகும் திசை

டிவைட் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால்
தொண்ணூறாம் எண் நெடுஞ்சாலை.
ஸ்போக்கேனுக்குக் குடிவந்த பதினோரு வருடத்தில்
லாரி போகாத இரவென்று ஒன்றை
அவர் கேட்டதில்லையாம்.

"அதை மூழ்கடிக்கிற மாதிரி
ஓர் அருவி வேண்டும், மார்லிஸ்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வண்டித் தவணை ஞாபகம் வந்தது.
கையெழுத்துப் போட்டோம்.

பதினெட்டு டன் கரும்பாறை.
எரிமலை கக்கி, ஆறி,
தானாகவே பட்டைபட்டையாய்ப் பிளந்த கல்.
எந்தப் பக்கம் முகம் என்று தெரியும்வரை
உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
ரிகோபெர்ட்டோ கடப்பாரையில் முழு எடையையும் சாய்த்து
ஒவ்வொரு கல்லையும் ஸ்பானிய மொழியில்
கழுதை என்பான், செல்லமாக.

நான்காம் நாள் மோட்டாரைப் போட்டோம்.
நீர் விழவில்லை.
கல்லை நக்கிக்கொண்டே
சத்தமில்லாமல் வழிந்து இறங்கியது.
நுனிக்கல்லை அரை விரற்கடை
முன்னால் இழுத்தேன்.
அவ்வளவுதான்.
கல்லை விட்டால்தானே அருவி.

டிவைட் கைதட்டினார்.
போனில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து
இரைச்சலை அளந்தார்.
முகம் சுருங்கியது.
சாலைதான் ஜெயித்திருந்தது.

மறுநாள் காலை குளம் நாலு விரல் வற்றியிருந்தது.

வெயில் என்றார் அவர்.
பக்கத்து வீட்டு நாய் என்றான் ரிகோபெர்ட்டோ.
அவர் மனைவி இங்வில்ட் ஒன்றும் சொல்லவில்லை;
கரைக்கல்லில் நகப்பூச்சால்
மணிக்கொரு சிவப்புக் கோடு
இரவெல்லாம் இழுத்து வைத்திருந்தாள்.
எட்டுக் கோடுகள்.
கல்லின்மேல் எனக்கெழுதிய புகார்.

மோட்டாரை அணைத்தோம்.
குப்புறப் படுத்தேன்.
கையில் சிரிஞ்சு, அதற்குள்
அவர்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால்.
விளிம்போரமாய் ஒரு சொட்டு.
நின்ற இடத்திலேயே புகையாய்ச் சுருண்டது.
ஓரடி தள்ளி இன்னொன்று.
அதுவும் நின்றது.
ரிகோபெர்ட்டோ படுத்தான்.
இங்வில்ட் படுத்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.
கடைசியில் டிவைட்டும், முழங்கால் வலியோடு.
நாலு பேர், நாலு மூச்சு,
ஒரு சொட்டுப் பால்.

வடகிழக்கு மூலையில்
பால் நூலாக நீண்டது.
வழி தெரிந்த ஆள்போல
நிதானமாய் நடந்துபோய்
ஒரு கல்லுக்கடியில் நுழைந்தது.

புரட்டிப் பார்த்தோம்.
ரப்பர் விரிப்பின் ஓரம் தணிந்து கிடந்தது.
மடித்தது நான்.
வியாழக்கிழமை, மழைக்கு முன், அவசரத்தில்.
கல்லின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எழுந்து மண்ணைத் தட்டும்போது
இங்வில்ட் கேட்டாள்:
"இவ்வளவு நேரம் லாரி போச்சா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
போயிருக்கும். போகாமல் எங்கே?
அருவிகூட ஓடவில்லையே அப்போது.

டிவைட் இன்னமும் போன் செய்கிறார்.
சத்தம் பத்தவில்லையாம்,
பெரிய மோட்டார் மாட்டலாமா என்கிறார்.
விலை சொல்கிறேன்.
பிறகு, தவணை நெருங்காத மாதமாக இருந்தால்,
பால் இருக்கிறதா வீட்டில்
என்று கேட்கிறேன்.