மற்றவை

செம்பனை ஆலைக்குப் பின்னால் நான்கு குளங்கள்.
கொதித்து வடிந்த கழிவுநீர், காப்பி நிறம்,
மேலே தடித்த நுரை.
பள்ளிப் பேருந்தில் எங்கள் நிறுத்தம் நெருங்கினால்
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படும்.
"குளத்துப் பிள்ளைங்க ஏறுதுங்க."
ஈப்போவிலிருந்து என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள்
கேசரியைத் தொடாமல் போனதற்கு
ஜாதகத்தைக் காரணம் சொன்னார்கள்.
அன்று கிழக்குக் காற்று.
எனக்குத் தெரியும்.

இப்போது பெரிய குளத்தின் மேல் கறுப்புப் போர்வை,
இரண்டு பந்துத் திடல் அகலம்.
விடிகாலையில் சப்பி, மத்தியானம் உப்பி,
உண்டுவிட்டுப் படுத்த மண்டோர் வயிறு மாதிரி
ஏறி இறங்குகிறது.
அடியில் சேரும் வாயு குழாய் வழியே எஞ்சினுக்கு,
எஞ்சினிலிருந்து கம்பிக்கு,
கம்பியிலிருந்து எங்கோ.
இத்தனை விழுக்காடு என்று நாடு உலகத்திடம்
வாக்குக் கொடுத்திருக்கிறதாம்.
அதில் சுங்கை பெலாராவும் உண்டு,
தசமப் புள்ளிக்குப் பின்னால்
கொஞ்ச தூரம் தள்ளி.

என்ஜினியர் நோர்ஹயாத்தி என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
"காக் லீலா, அந்த வாயுவுக்கு வாசமே கிடையாது.
நீங்கள் முகர்வது கூட வரும் கந்தகம்" என்றாள்.
அப்படியானால் இத்தனை வருஷம்
நாங்கள் மூக்கைப் பொத்தியது அடியாளுக்கு.
முதலாளி சத்தமில்லாமல்
வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

போன டிசம்பரில் அதே வானம்
ஆறு நாள் நிறுத்தாமல் கொட்டியது.
சந்தைக்குள் படகு வந்தது.
மாரியம்மன் கோவில் உண்டியலை
தீயணைப்புக்காரர்கள் தோளில் தூக்கிப் போனார்கள்.
அதனால்தான் இது என்று நான் சொல்லவில்லை.
சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை, இரவு ஷிப்ட், மணி மூன்று பத்து.
மீட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்று விளக்கும் பச்சை.
ரொபியுல் டாக்காவுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான்.
நான் கரையில் நின்றேன்.
வந்தது.
பள்ளிப் பேருந்து வாசம்.

"சென்சார் ஒன்னும் சொல்லலையே அக்கா."
சொல்லாது. அது இந்த ஊரில் வளரவில்லை.
பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி
போர்வையின் தையலோரம் ஊற்றிக்கொண்டே நடந்தோம்,
அவன் கையில் டார்ச், என் கையில் வாளி.
வடகிழக்கு மூலையில், ஒரு விரல் நீளத்துக்கு,
நுரை குமிழ் குமிழாய்ச் சிரித்தது.
"உடும்பு நகம்" என்றான் ரொபியுல்.
நாலு மணிக்குக் கொசுக்கடியில்
ஓர் உடும்பைத் திட்டிக்கொண்டு
ஒட்டுப் போட்டோம்.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது:
நேரம், அழுத்தம், வெப்பம்.
கசிவு எப்படிக் கண்டறியப்பட்டது?
கருவி. கேமரா. மற்றவை.
மற்றவையில் ஒரு கோடு போட்டு
பக்கத்தில் மலாயில் எழுதினேன்: ஹிடுங்.
மூக்கு.
காலையில் நோர்ஹயாத்தி அதை இரண்டு முறை படித்தாள்.
சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட்டாள்.

மீட்டர் நானூற்று முப்பத்தாறுக்கு ஏறியிருந்தது.
இருபத்து நாலு.
இவ்வளவு நாள் எங்கள் மானத்தை வாங்கியது,
இப்போது கம்பெனிக்கு நட்டம் என்றால்தான்
தேடிப்போய் அடைக்கிறோம்.
இருக்கட்டும். அடைபட்டது.

ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்.
தலைக்கு மேல் விசிறி.
இதைச் சுற்றுவது எங்கள் குளமா,
எந்தக் கடலோரத்திலோ எரியும் நிலக்கரியா?
கம்பியில் கலந்த பிறகு
மின்சாரத்திடம் ஊர் பேர் கேட்க முடியாது.
வீட்டுக்கு வரும் பில் மட்டும் பழைய பில்.

காற்று மேற்கே திரும்பியது.
பருப்புக் கறியில் தோய்த்த துண்டு
வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.
ஆற்றுக்கு அக்கரையில் இன்னோர் ஆலை.
அந்தக் குளம்
திறந்தேதான் கிடக்கிறது.